‘டிடக்‌ஷன்’: விலக்கு அன்று, கழிவு

வருமான வரியில் வரும் ‘டிடக்‌ஷன்’ என்ற சொல்லை நம் நாளேடுகள் பலவேளை ‘வரிவிலக்கு’ என்றே எழுதிவிடுகின்றன. அது படிப்பவரைத் தவறான கணக்குக்கு இட்டுச்செல்கிறது. ஒரு வருமானத்துக்கு வரியே இல்லையென்றால் அது விலக்கு. கணக்கிட்ட வரியில் குறைத்தால் தள்ளுபடி. வரி கணக்கிடுமுன் வருமானத்திலிருந்து ஒரு தொகையை எடுத்துவிடுவதே டிடக்‌ஷன்.

இச்சொல்லின் வேரான இலத்தீனில் ‘டே’ என்பது விலக்கத்தையும் ‘டூகெரெ’ என்பது நடத்திச்செல்வதையும் குறிக்கும். அளவையியலில், அதாவது தருக்கவியலில், இதே சொல்லுக்கு நாம் வழங்கும் ‘உய்த்தறிதல்’ என்பதிலும் உய்த்தல் என்றால் செலுத்துதல்தான். இந்த ஒற்றுமை எனக்கு வியப்பளிக்கிறது. வரிக்கணக்கிலோ ‘கழி’ என்ற வினையே பொருந்தும். கழிவு என்றதும் சாக்கடை நினைவுக்கு வருவதாகச் சிலர் தயங்குவர். ஆனால் இலங்கைக் கடைகளில் விலைக்குறைப்புக்குக் ‘கழிவு’ என்பதே இன்றும் வழக்கு. கழிப்பது வருமானத்திலிருந்து என்பதால், ‘வரிக்கழிவு’ என்பதைவிட ‘வருமானக் கழிவு’ என்பதே தெளிவானது.

இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியம் என்பதை அமெரிக்க ஓவியர்களின் நிலை காட்டும். 10,000 டாலர் பெறும் ஓவியத்தை வாங்கி ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த ஒருவர், அதைக் காட்சிக்கு வைக்கும் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தால், சட்ட வரம்புக்கு உட்பட்டு அந்தச் சந்தை மதிப்பையே கழிக்கலாம். வரைந்தவரே கொடுத்தாலோ, துணிக்கும் வண்ணத்துக்கும் செலவான 200 டாலரை மட்டுமே கழிக்கலாம். அச்செலவைத் தொழிற்செலவாக முன்பே கழித்திருந்தால் அதுவும் இல்லை. இதை ‘200 டாலர் வரிவிலக்கு’ என்று எழுதினால், 24 விழுக்காடு வரி கட்டும் ஓவியருக்கு உண்மையில் மிஞ்சுவது 48 டாலர்தான் என்பது மறைந்துபோகும்.

1969ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தச் சட்டத்துக்கு முன்பு படைப்பாளரும் சந்தை மதிப்பையே கழித்துவந்தனர். தன் உழைப்பின் மதிப்பை வருமானமாகக் காட்டி வரி செலுத்தாதவர் அதைக் கழிக்க மட்டும் கூடாது என்பது சட்டத்தின் வாதம். அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் இழப்பு அருங்காட்சியகங்களுக்கும் நூலகங்களுக்குந்தான். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குக் கையெழுத்துப் படிகளை வழங்கிவந்த இசையமைப்பாளர் இகோர் ஸ்ட்ராவின்ஸ்கி சட்டம் மாறியபின் நிறுத்திக்கொண்டார். அவரது ஆவணத் தொகுப்பு இன்று சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில், பால் சாகர் அறக்கட்டளையிடம் உள்ளது. படைப்பாளருக்கும் சந்தை மதிப்புக் கழிவு வேண்டுமென செனட்டர் பாட்ரிக் லேஹி பலமுறை கொண்டுவந்த மசோதா சட்டமாகவில்லை.