எண்ணோடு நேரத்தையும் பிடிப்பது: ஏடிசி ட்ரைவருக்குள் ஒரு பஃபர்

வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. ஒரு சுற்றுக்கு 20 மில்லி நொடி. அந்த அலையைத் தாழ்த்தி, மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் 12 பிட் ஏடிசி சிப் ஒன்றின் முழு வீச்சுக்கும் பொருத்திக் கொடுத்தால் எண்கள் 0 முதல் 4095 வரை ஏறி இறங்கும். அலை நடுக்கோட்டைக் கடக்கும் இடத்தில்தான் அதன் ஓட்டம் மிகச் செங்குத்து. அங்கே ஒரு மைக்ரோ நொடிக்குச் சுமார் 0.64 எண் மாறுகிறது. 100 மைக்ரோ நொடி பிந்தி அளந்தால் 64 எண் பிசகும். ஒரு மில்லி நொடி பிந்தினால் 600-ஐத் தாண்டும். சிப் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. அளந்த நேரம் 100 மைக்ரோ நொடி தள்ளாடியதிலேயே அந்த 12 பிட்டில் 6 பிட் போய்விட்டது.

லினக்ஸ் இயங்குதளத்தில் ஏடிசி, முடுக்கமானி, ஒளி உணரி போன்றவற்றுக்கென்றே ஐஐஓ என்ற பிரிவு இருக்கிறது. ஜோனத்தன் கேமரன் தொடங்கியது. 2009-இல் லினக்ஸின் உள்ளகமான கெர்னலின் சோதனைப் பகுதிக்குள் வந்து, 2012-இல் ஐஐஓவின் மையப்பகுதி முறையான இடத்துக்கு மாறியது. கணினியின் வெப்பநிலையை எப்போதாவது பார்ப்பதற்கு ஒரு பிரிவு ஏற்கெனவே இருந்தது. விசைப்பலகை, மவுஸ் வகையறாவுக்கு இன்னொன்று இருந்தது. நொடிக்கு ஆயிரக்கணக்கில் அளக்கும் உணரிகள் இரண்டிலும் பொருந்தவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் ஐஐஓ.

இதில் ஒரு ட்ரைவர், அதாவது சிப்போடு பேசும் கெர்னல் நிரல், செய்யக்கூடிய மிக எளிய வேலை, ஒவ்வொரு சேனலுக்கும் (சிப்பின் ஒவ்வோர் அளவு வழிக்கும்) ஒரு கோப்பைக் காட்டுவது. அந்தக் கோப்பைப் படித்தால் ட்ரைவர் சிப்பிடம் கேட்டு, வந்த எண்ணை எழுத்தாக்கிக் கொடுக்கும். பேட்டரி மின்னழுத்தம் பார்க்க இது தாராளம். அலையைப் பிடிக்கத்தான் உதவாது. ஒவ்வொரு எண்ணுக்கும் நம் நிரல் ஒருமுறை கெர்னலுக்குள் போய்வர வேண்டும். நடுவில் வேறொரு நிரலுக்கு முறை வந்துவிட்டால் சில மில்லி நொடிகள் காணாமல் போகும், போனதற்குத் தடயமும் இருக்காது. இரண்டு சேனல்களை அடுத்தடுத்துப் படித்தால், மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒரே கணத்தின் அளவுகள் என்று சொல்லவும் முடியாது.

ட்ரைவரில் பஃபர், அதாவது அளவுகளைச் சேர்த்துவைக்கும் வரிசை, சேர்ப்பதை வேகம் கூட்டும் வேலையாகவே பலர் பார்க்கிறார்கள். வேகம் கூடுவது உண்மைதான். என்னைக் கேட்டால் அதைவிட மதிப்புள்ளது, ஒவ்வோர் அளவும் தன் நேரத்தையும் சுமந்துகொண்டு வருவது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்ற ஏற்பாடுகள் எதற்கென்று தானாகப் புரியும்.

முதலில் ட்ரிகர். எப்போது அளக்க வேண்டும் என்பதை ட்ரைவர் தானே முடிவுசெய்வதில்லை. வெளியிலிருந்து ஒரு ட்ரிகர் அதைத் தட்டுகிறது. அது கெர்னலின் நுண்டைமராக இருக்கலாம், 'தரவு தயார்' என்று சிப் தன் காலில் காட்டும் சைகையாகவும் இருக்கலாம். 50 ஹெர்ட்ஸ் அலையில் 40-ஆவது ஹார்மோனிக் (40 மடங்கு அதிர்வெண்) வரை பார்க்க வேண்டுமென்றால், 2000 ஹெர்ட்ஸின் இரு மடங்குக்கும் மேலே வேண்டும். டைமரை நொடிக்கு 5000 என்று வைப்போம். இடைவெளி 200 மைக்ரோ நொடி.

ட்ரிகர் தட்டியதும் வேலை இரண்டாகப் பிரிகிறது. ப்ராசஸர் கையிலுள்ள வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பும் இன்டரப்ட் நடக்கும் அந்தக் கணத்தில் கடிகாரத்தை மட்டும் பார்த்து நேரம் குறித்துக்கொள்ளப்படுகிறது. சிப்பிடம் எஸ்பிஐ என்ற தொடர்பு இணைப்பு வழியாகப் பேசுவது அங்கே கூடாது. பதில் வரும்வரை காத்திருக்க நேரும், இன்டரப்டுக்குள் காத்திருக்க அனுமதி இல்லை. அதனால் பேச்சுவார்த்தை முழுக்கக் காத்திருக்கக்கூடிய தனி நிரல் ஓட்டத்துக்கு, அதாவது த்ரெட்டுக்கு, போகிறது.

அந்த த்ரெட்தான் ட்ரைவர் எழுதுபவரின் கைவண்ணம் தெரியும் இடம். எம்சிபி3208 போன்ற சிப்பை எடுத்துக்கொள்வோம். 8 சேனல், 12 பிட், 5 வோல்ட்டில் நொடிக்கு 1 லட்சம் அளவுகள்வரை தரும். பயனர் 1, 3, 6 என மூன்று சேனல்களை மட்டும் திறந்திருக்கிறார். ஒவ்வொரு தட்டலிலும் புதிதாக எஸ்பிஐ செய்தி கட்டுவது வீண். எந்தெந்தச் சேனல் என்பது தெரியவந்த உடனே மூன்று கேள்விகளையும் ஒரே செய்தியாகக் கோத்து வைத்துவிடலாம். ட்ரிகர் தட்டும்போது அதை அப்படியே அனுப்பினால் போதும்.

பதில்கள் வந்தபின் அவற்றை அடுக்குவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஒவ்வொரு சேனலுக்கும் 16 பிட் இடம், அதாவது 2 பைட். மூன்றுக்கும் சேர்த்து 6. கடைசியில் நேரம், நானோ நொடிக் கணக்கில், 8 பைட். ஆனால் 8 பைட் எண் 8-இன் மடங்கான இடத்தில்தான் உட்கார வேண்டும். ஆகவே 6-க்குப் பிறகு 2 பைட் காலியாக விடப்பட்டு, மொத்தம் 16 பைட். ஒரே ஒரு சேனல் திறந்திருந்தால் காலியிடம் 6 பைட்டாகிறது, மொத்தம் அதே 16.

அந்தக் காலியிடத்தில் என்ன இருக்கும்? ட்ரைவர் அந்த நினைவகத்தைப் பூஜ்யமாக்காமல் விட்டால், முன்பு அதே இடத்தில் கெர்னல் எதை வைத்திருந்ததோ அது இருக்கும். அளவோடு சேர்ந்து அதுவும் பயனரின் கைக்குப் போய்விடும். ஏட்டில் மட்டும் உள்ள அபாயம் இல்லை இது. 2020-ஐ ஒட்டி வரிசையாகப் பல ஐஐஓ ட்ரைவர்களில் இந்தக் கசிவும் நேர எண்ணின் இடப்பிசகும் கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தப்பட்டன. பூஜ்யமாக்க ஒரு வரி போதும். அந்த ஒரு வரிக்காக ஒவ்வொரு ட்ரைவரையும் திறந்து பார்த்தவர்களின் பொறுமைக்கு என் மரியாதை.

அடுக்கியதை ஐஐஓவிடம் தள்ளிவிட்டு, 'இந்தத் தட்டல் முடிந்தது' என்று ட்ரிகருக்குச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாதவரை அந்த ட்ரிகர் அடுத்த தட்டலை விடாது. எஸ்பிஐயில் பிழை வந்தால் பாதியிலேயே திரும்பிவிடும் வழியில் இந்த அறிவிப்பு விடுபட்டுப்போக நிறைய வாய்ப்பு உண்டு. அப்போது தெரியும் அறிகுறி விசித்திரமானது: கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடும், ஏதோ ஒரு கணத்தில் சத்தமில்லாமல் நிற்கும், பிழைச் செய்தி எதுவும் வராது. எனவே வெற்றியோ தோல்வியோ, எல்லா வழியும் அந்த அறிவிப்பைக் கடந்தே வெளியேறும்படி எழுத வேண்டும்.

தள்ளியவை கெர்னலுக்குள் ஒரு வரிசையில் சேர்கின்றன. நம் நிரல் அந்தச் சாதனத்தின் கோப்பைத் திறந்து காத்திருக்கும். ஆள் நிறைந்ததும் கிளம்பும் ஷேர் ஆட்டோ மாதிரி, குறித்த எண்ணிக்கை சேர்ந்ததும் மொத்தமாகக் கிடைக்கும். 500 என்று வைத்தால் நொடிக்கு 5000 தடவைக்குப் பதில் 10 தடவை எழுந்தால் போதும். நம் நிரல் அசந்துவிட்டு வரிசை நிரம்பிவிட்டால், புதிதாக வருபவை விழுந்துவிடும். ஆனால் இம்முறை தடயம் இருக்கிறது, நேரத்தில் ஒரு தாவல் தெரியும்.

இந்த 16 பைட்டில் எது எங்கே என்று நிரலுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு சேனலும் தன்னைப் பற்றி ட்ரைவரில் ஒரு விவரம் தருகிறது: குறியுள்ள எண்ணா, எத்தனை பிட் உண்மை, எத்தனை பிட் இடம், எத்தனை பிட் நகர்த்த வேண்டும், பைட் வரிசை எது. ஏடிஎஸ்1015 சிப்பின் 12 பிட் எண் 16 பிட் பதிவேட்டின் மேல்பக்கம் ஒட்டியிருக்கும். அதை த்ரெட்டுக்குள் நகர்த்திச் சரிசெய்யத் தேவையில்லை. 'நான்கு பிட் கீழே நகர்த்து' என்று விவரத்தில் எழுதிவிட்டுப் பச்சையாகவே கொடுத்துவிடலாம். 200 மைக்ரோ நொடிக்கு ஒருமுறை ஓடும் இடத்தில் செய்யாமல் விட்ட ஒவ்வொரு வேலையும் லாபம்தான்.

பஃபர் ஓடும்போது யாராவது பழைய கோப்பைப் படித்தால் சிப்பின் உரையாடல் குழம்பும். அதனால் நேரடியாகப் படிக்க வருபவருக்கு 'சாதனம் வேலையாக இருக்கிறது' என்று ட்ரைவர் மறுத்துவிட வேண்டும். இந்தப் பூட்டை ஐஐஓவே தருகிறது.

இத்தனை செய்தும் ஒரு குறை மிஞ்சுகிறது. எம்சிபி3208 உண்மையில் அளப்பது ட்ரிகர் தட்டிய கணத்தில் அல்ல, எஸ்பிஐ உரையாடலின் நடுவில்தான். த்ரெட் எழ 30 மைக்ரோ நொடி தாமதித்தால் அளவும் 30 மைக்ரோ நொடி பிந்தும், குறித்த நேரமோ தட்டியதையே காட்டும். ஆரம்பத்தில் பார்த்த கணக்குப்படி இது 19 எண் பிசகு. இதற்காக நேரத்தை த்ரெட்டுக்குள் உரையாடலின் பக்கத்திலேயே குறிக்கும் ட்ரைவர்கள் உண்டு, ஏடிஎஸ்1015-இன் ட்ரைவர் அப்படித்தான். இன்னும் கறாராக வேண்டுமென்றால், 'இப்போது அள' என்று சொல்ல தனிக் கால் உள்ள சிப்பை எடுத்து, அதைப் பிடபிள்யூஎம் என்ற வன்பொருளின் சீரான துடிப்பால் இயக்க வேண்டும். நொடிக்குப் பல லட்சம் என்று போனால் ஒவ்வோர் அளவுக்கும் இன்டரப்ட் கட்டுப்படியாகாது. அங்கே டிஎம்ஏ, ப்ராசஸரைத் தொந்தரவு செய்யாமல் நினைவகத்தில் நேரே கொட்டும்.

ஆகவே ட்ரைவரைச் சோதிக்கும்போது, அடுத்தடுத்த நேரங்களைக் கழித்துப் பார்த்து எல்லாம் 2 லட்சம் நானோ நொடிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று நிம்மதியாகிவிடக் கூடாது. அது டைமரின் ஒழுங்கை மட்டும் சொல்லக்கூடும். சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து சுத்தமான 50 ஹெர்ட்ஸ் சைன் அலையைக் கொடுத்து, குறித்த நேரங்களை வைத்தே ஒரு சைன் வளைவைப் பொருத்திப் பாருங்கள். மிச்சம் விழும் பிழை அலையின் உச்சியில் சிறிதாகவும் நடுக்கோட்டருகே பெரிதாகவும் இருந்தால், எண்களில் குறையில்லை, நேரம்தான் இன்னும் தள்ளாடுகிறது.