ஆவர்த்தன அட்டவணை: காலம் எங்கிருந்து வந்தது?

அக்கா மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். தனிமங்களின் கதையைச் சொல்லும் ஒரு மொழிபெயர்ப்புப் புத்தகத்தை அவளுக்கு வாங்கிக் கொடுத்திருந்தேன். இருபது பக்கம் படித்துவிட்டு வந்து கேட்டாள்: “மாமா, மெண்டலீவ் கால அட்டவணை போட்டார்னு இருக்கு. இதுல காலம் எங்க இருக்கு?”

எங்கேயும் இல்லை. ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் போட்டது தனிமங்களின் அட்டவணை. காணொலிகளிலும் கட்டுரைகளிலும் இந்தக் ‘கால அட்டவணை’யைப் பார்த்துப் பார்த்துச் சலித்திருந்தேன். ஒரு குழந்தை புத்தகத்தை நம்பி அதில் காலத்தைத் தேடியபோதுதான் உண்மையிலேயே கோபம் வந்தது. கால அட்டவணை என்றால் தமிழில் ரயில் எத்தனை மணிக்கு வரும், மூன்றாவது பீரியட் என்ன பாடம் என்று சொல்வது. ஹைட்ரஜனுக்கும் அதற்கும் என்ன உறவு?

பிழை பிறந்த இடம் எளிது. இந்த அட்டவணைக்கு ஆங்கிலத்தில் ‘பீரியாடிக் டேபிள்’ என்று பெயர். ‘பீரியட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் கிரேக்கம். ‘பெரி’ என்றால் சுற்றி, ‘ஹோடோஸ்’ என்றால் வழி. சுற்றிவந்து புறப்பட்ட இடத்தைச் சேரும் வழி என்பதே முதற்பொருள். ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் என்ற பொருள் பிறகு வந்தது. மொழிபெயர்ப்பாளர் அகராதியில் முதலில் கண்ணில் பட்ட ‘காலம்’ என்பதை எடுத்துக்கொண்டார். ‘காலமுறை அட்டவணை’ என்று எழுதுவோரும் இருக்கிறார்கள். ஊசல் போய்ப் போய்த் திரும்புவது காலத்தில் நடப்பது, அதைக் காலமுறை என்றால் பொருந்தும். தனிமங்களின் பண்பு திரும்ப வருவது நேரம் போகப் போக அல்ல, அணு எண் ஏற ஏற.

அவளுக்கு இதை விளக்க நான் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. அவள் பாட்டு கற்கிறாள். “ஆதி தாளம் போடு, ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஒரு தனிமம் சொல்லு, லித்தியத்தில் ஆரம்பி” என்றேன். தட்டு லித்தியம், சுண்டுவிரல் பெரிலியம், மோதிரவிரல் போரான், நடுவிரல் கார்பன். மறுபடி தட்டு நைட்ரஜன், வீச்சு ஆக்சிஜன், தட்டு ஃபுளோரின், வீச்சு நியான். எட்டு முடிந்து கை மீண்டும் முதல் தட்டுக்கு வரும்போது சோடியம். இன்னொரு சுற்று போட்டால் அதே தட்டில் பொட்டாசியம். மூன்றும் கத்தியால் வெட்டக்கூடிய மென்மையான உலோகங்கள், மூன்றும் தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியேற்றுபவை. “ஒரே ஆவர்த்தனம் திரும்பத் திரும்ப வருது!” என்றாள். தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்குப் பாட்டில் அதுதான் பெயர். அந்தச் சொல்லை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

கால்சியத்துக்கு அப்புறம் சுற்று நீளும், எட்டு பதினெட்டாகும், பிறகு முப்பத்திரண்டாகும். ஆனாலும் திரும்பி வருவது நிற்பதில்லை.

சரி, ‘கால அட்டவணை’ தப்பு என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். எனக்குப் பெரிய சண்டை ‘தனிம வரிசை அட்டவணை’யோடுதான். தமிழ்நாட்டில் பலருக்கும் பழகிய பெயர், கேட்க நல்ல தமிழாகவும் இருக்கிறது. ஆனால் தனிமங்களை ஏதோ ஒரு வரிசையில் அடுக்கியது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. அகரவரிசையில் அடுக்கினாலும் அது தனிம வரிசை அட்டவணைதானே? இதே கேள்வி 1866-இல் லண்டனில் உண்மையாகவே கேட்கப்பட்டது. எட்டாவது தனிமம் முதல் தனிமத்தைப் போல இருக்கிறது, ச ரி க ம ப த நி முடிந்து மறுபடி ச வருவது போல, என்று ஆங்கிலேய வேதியியலாளர் நியூலண்ட்ஸ் வேதியியல் கழகத்தில் சொன்னார். (நியானும் ஆர்கானும் அப்போது அறியப்படவில்லை. அதனால் ஏழு தாண்டியதுமே சோடியம் வந்துவிடும்.) தனிமங்களை எழுத்து வரிசையில் அடுக்கிப் பார்த்தீர்களா என்று ஒருவர் கேட்டார். கேலிதான். அடுக்குவது முக்கியமில்லை, திரும்பி வருவதுதான் முக்கியம் என்பது அவருக்குப் பிடிபடவில்லை. பெயரிலிருந்து அதையே எடுத்துவிட்டால் நாமும் அவர் பக்கம் போய் நிற்கிறோம்.

1869-இல் மெண்டலீவ் தம் அட்டவணையில் இடங்களைக் காலியாக விட்டதும் இந்தத் திரும்புதலை நம்பித்தான். சிலிக்கானுக்குக் கீழே வரவேண்டியதற்கு ‘ஏகா-சிலிக்கான்’ என்று பெயரிட்டு, அணு எடை 72 இருக்கும் என்று 1871-இல் சொன்னார். 1886-இல் ஜெர்மன் வேதியியலாளர் விங்க்ளர் அந்த இடத்துக்குரிய ஜெர்மானியத்தைக் கண்டுபிடித்தார். இன்றைய மதிப்பு 72.6. வெறும் வரிசைப் பட்டியலால் இப்படி முன்கூட்டிச் சொல்ல முடியாது.

ஆவர்த்தனம் வடசொல்லாயிற்றே என்பார்கள். ஆமாம், சுழலுதல், திரும்புதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. ‘இரண்டு ஆவர்த்தி படித்தேன்’ என்கிறோமே, அதுவும் இதன் உறவுதான். தனித்தமிழ் வேண்டும் என்போரின் ஆசையை நான் மதிக்கிறேன். அவர்களுக்கு ‘மீள்வரிசை அட்டவணை’ இருக்கிறது. ‘மீள்’ என்பதில் திரும்புதல் இருக்கிறது, பொருள் சிதையவில்லை. தூய்மைக்காகப் பொருளைப் பலி கொடுக்காத எந்தச் சொல்லும் எனக்குச் சம்மதம். நான் எழுதும்போது ஆவர்த்தன அட்டவணை என்றே எழுதுகிறேன். இலங்கைப் பாடநூல்களிலும் அதுதான் வழக்கு. அட்டவணையின் கிடைவரிசையை அங்கே ஆவர்த்தனம் என்கிறார்கள், தமிழ்நாட்டுப் பாடநூலில் அது ‘தொடர்’. ஒரு முழுச் சுற்றுக்கு ஆவர்த்தனம் எவ்வளவு பொருத்தம் என்று தாளம் போட்டவர்களுக்குத் தெரியும்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். அச்சுக்குக் கொடுக்கும் முன், பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு வேதியியல் ஆசிரியரிடம் பத்துப் பக்கத்தைக் காட்டினால் என்ன? ஒரு சொல் தப்பானால் அதோடு நிற்பதில்லை. அந்தப் புத்தகத்திலேயே பின்னால் ‘அணு ஆரம் ஒரு காலப் பண்பு’ என்று வருகிறது. அதைப் படித்தால் அணு நாளாக நாளாகப் பெருக்கும் சிறுக்கும் என்றுதான் தோன்றும். அக்கா மகள் ‘கால’த்தைப் பென்சிலால் அடித்துவிட்டு மேலே ‘ஆவர்த்தன’ என்று எழுதியிருக்கிறாள். இன்னும் நூறு பக்கம் பாக்கி இருக்கிறது.