ஒரே தெருவுக்கு இரண்டாவது பைபர் ஏன் வருவதில்லை?

காத்தான்குடியில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. மட்டக்களப்பு வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போனால் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே வயல். வீடுகளுக்கு இணையம் கொண்டுவரும் பைபர் கேபிளை ஒரு கிலோமீற்றர் இழுக்கும் செலவில் இரண்டு இடத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதைப் பங்குபோட எத்தனை வீடுகள் என்பதுதான் கணக்கு.

கண்ணாடி இழை மலிவுதான். காசைத் தின்பவை தூண் நடுவதும், குழி தோண்டுவதும், ஆட்கூலியும். ஒரு தெருவில் 100 வீடுகள், மொத்தச் செலவு 20 இலட்சம் ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். வீட்டுக்கு 20,000 விழும். இன்னொரு நிறுவனமும் அதே தெருவில் இழுத்து, வீடுகள் பாதிபாதியாகப் பிரிந்தால், இருவருக்கும் வீட்டுக்கு 40,000. வீடு ஒன்றுகூடக் கூடவில்லை, செலவு மட்டும் இரட்டிப்பு.

பிந்தி வருபவருக்கு இன்னொரு பயமும் உண்டு. கல்முனை வீதியில் ஓடும் பஸ் நட்டப்பட்டால் வேறு பாதையில் ஓட்டலாம், விற்கலாம். புதைத்த கேபிளைக் கிளப்பி எங்கே கொண்டுபோவது? முந்தி வந்தவர் போட்ட காசு போட்டதுதான். பராமரிப்புச் செலவு மட்டும் கிடைத்தாலே அவர் தாக்குப்பிடிப்பார். ஆகவே போட்டி வந்தால் விலையை நன்றாக இறக்குவார். இது தெரிந்தவர் காசைக் கொண்டுவந்து புதைப்பாரா?

வயர் இல்லாத வழிகள் உண்டு. ஆனால் 2018 இல் எடிசலாட் ஹட்சோடும், 2024 இல் எயார்டெல் டயலொக்கோடும் சேர, ஐந்து கைத்தொலைபேசி நிறுவனங்கள் மூன்றாகிவிட்டன. டவரின் அலைவரிசையும் சுற்றுவட்டாரம் முழுவதுக்கும் பொது. இரவு எல்லாரும் வீடியோ பார்க்கும் நேரத்தில் வேகம் விழுவது அதனால்தான். 2025 இல் இலங்கையில் சேவை தொடங்கிய செய்மதி இணையமான ஸ்டார்லிங்கின் கணக்கு பைபருக்கு நேர்மாறு. ஒரு பரப்புக்கு வரும் வேகத்தை அங்குள்ளவர்கள் பகிர்வதால், வீடுகள் சிதறிய படுவான்கரைக்கு அது பொருந்தும், நெருக்கமான காத்தான்குடிக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

வயரையும் சேவையையும் பிரிப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. சுவீடனின் ஸ்டொக்ஹோம் நகரசபை 1994 இல் ஸ்டோகாப் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கிப் பைபரைப் புதைத்து, எல்லா நிறுவனங்களுக்கும் வாடகைக்கு விட்டது. ஒரே வயர், அதன்மேல் பல கடைகள். நமது உள்ளூராட்சி சபைகள் வீதி போடும்போதே ஒரு வெற்றுக் குழாயைப் புதைத்து, யார் கேட்டாலும் ஒரே வாடகைக்குக் கொடுக்கலாம். தோண்டும் செலவு ஒருமுறையோடு முடியும். காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று போன்ற ஊர்களில் அதுவே போட்டியைக் கொண்டுவரக்கூடும். வயலுக்கு நடுவே இருக்கும் கிராமங்களுக்கு அது போதாது. அங்கே முதல் வயரைக் கொண்டுபோகவே அரசு காசு போடவேண்டும்.