சொல் விளக்கம்: கற்றை

கணித அறிஞர் சி. எஸ். சேஷாத்ரியைப் பற்றித் தமிழில் வரும் குறிப்புகளைப் படிக்கும்போதெல்லாம் எங்காவது ஓரிடத்தில் ஒரு மூட்டை தொப்பென்று வந்து விழுகிறது. அவர் ‘திசையன் மூட்டை’களை ஆராய்ந்தாராம். வெக்டர் பண்டில் என்பதற்கு அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை அப்படியே இறக்கிவைத்ததன் விளைவு இது. எந்திர மொழிபெயர்ப்பும் சேர்ந்துகொண்டதால் இப்போது மூட்டைக்குக் கால் முளைத்துவிட்டது. சமன்பாடுகள் வரையும் வடிவங்களை ஆராயும் இயற்கணித வடிவியலுக்கே வாழ்நாளைக் கொடுத்த ஒருவரைச் சுமைதூக்கியாக்கிப் பார்ப்பதை இதற்கு மேலும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அங்கே வரவேண்டிய சொல் கற்றை.

பொருளை முதலில் பார்த்துவிடலாம். ஒரு வட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு நேர்கோட்டை நட்டுவையுங்கள். எல்லாக் கோடுகளும் செங்குத்தாக நின்றால் ஓர் உருளை கிடைக்கும். மாறாக, வட்டத்தைச் சுற்றிப் போகப் போகக் கோட்டைச் சிறிது சிறிதாகச் சாய்த்து, ஒரு சுற்று முடியும்போது அது தலைகீழாக வந்து சேரும்படி செய்தால் மோபியஸ் பட்டை கிடைக்கும். காகித நாடா ஒன்றை அரைத் திருகு திருகி முனைகளை ஒட்டினால் அதைக் கையிலேயே பிடித்துப் பார்க்கலாம். இரண்டுமே வட்டத்தின் மேல் அமைந்த கற்றைகள். ஒவ்வொரு புள்ளியிலும் நிற்கும் கோட்டுக்கு இழை என்று பெயர். கோட்டுக்குப் பதில் தளத்தையோ அதைவிடப் பரிமாணம் கூடிய திசையன் வெளியையோ நிறுத்தலாம். வட்டம் இருந்த இடத்தில் வேறொரு பரப்பை வைக்கலாம். ஓர் இழை இன்னோர் இழையை வெட்டுவதில்லை. ஆனால் பக்கத்துப் பக்கத்து இழைகள் ஒன்றோடொன்று இசைந்து, தாவல் இல்லாமல் மாறிக்கொண்டே போகின்றன. (வெக்டர் கற்றை என்று எழுதினாலும் எனக்குச் சண்டை இல்லை. பாடநூலே வெக்டர் என்றுதான் சொல்கிறது. இலங்கையில் காவி என்பார்கள்.)

பண்டில் என்பது கட்டுதல் என்ற பொருளுள்ள ஜெர்மானிய வேரிலிருந்து டச்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். கற்றை நம்மிடம் பழைய சொல். கூந்தல் கற்றை, வைக்கோல் கற்றை, ஒளிக்கற்றை என்கிறோம். பக்திப் பாடல்களில் சிவனுக்குக் கற்றைச் சடை. நீண்டு மெலிந்தவை ஒரே போக்கில் அடுத்தடுத்துக் கிடப்பதுதான் இவை எல்லாவற்றுக்கும் பொது.

மூட்டையில் இந்தப் போக்கு எங்கே இருக்கிறது? வாயைக் கட்டிவிட்டால் உள்ளே எது எதற்குப் பக்கத்தில் கிடக்கிறது என்ற கேள்வியே இல்லை. திசையன் கற்றையில் கேள்வியே அது ஒன்றுதான். உருளைக்கும் மோபியஸ் பட்டைக்கும் உள்ள சரக்கு ஒன்றே: ஒரு வட்டம், புள்ளிக்கு ஒரு கோடு. பக்கத்துக் கோட்டோடு சேர்ந்து நிற்கும் விதத்தில்தான் இரண்டும் வேறுபடுகின்றன. மூட்டை என்ற சொல் அந்த ஒரே வேறுபாட்டையும் சாக்குக்குள் போட்டு மூடிவிடுகிறது.

தொகுப்பு என்று எழுதுகிறவர்கள் கொஞ்சம் நாகரிகமானவர்கள். தப்பு மட்டும் அதே தப்பு. கவிதைத் தொகுப்பு, தரவுத் தொகுப்பு என்னும்போது எவையெவை உள்ளே இருக்கின்றன என்பதுதான் செய்தி. திசையன் தொகுப்பு என்றால் கல்லூரி மாணவர் அதைத் திசையன்களின் கணம் என்றே எடுத்துக்கொள்வார். அவரைக் குறை சொல்ல முடியாது. பத்திரிகை, அரசாணை, கணினி என்று எல்லா இடத்திலும் எல்லாவற்றுக்கும் தொகுப்பு என்று போட்டுப் போட்டு அந்தச் சொல்லைத் தேய்த்து வைத்திருக்கிறோம். எதிலும் ஒட்டும், எதையும் சுட்டாது.

கட்டு என்பவர்களோடுதான் நின்று வாதாட வேண்டும். மூலச்சொல்லின் வேரே கட்டுதல்தானே என்பார்கள். வேர் சரி, பொருள் சரியில்லை. விறகுக்கட்டில் கயிறு உண்டு. கட்டியவர் ஒருவர் உண்டு. குச்சிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடக்கும். நம் இழைகளைச் சுற்றி எந்தக் கயிறும் இல்லை. இன்னொரு காரணமும் இருக்கிறது. கட்டு என்ற சொல் இதே துறையில் வேறொன்றுக்குத் தேவைப்படுகிறது. அறுத்த கதிர்க்கட்டின் பெயரால் ஆங்கிலத்தில் ஷீஃப் என்று வழங்கும் கருத்து அது. பிரெஞ்சுக் கணிதர் ழான் லெரே இரண்டாம் உலகப்போரில் ஆஸ்திரியாவில் இருந்த ஒரு சிறைமுகாமில் ஐந்தாண்டு அடைபட்டுக் கிடந்தபோது தொடங்கிய சிந்தனையில் பிறந்தது. பரப்பின் ஒவ்வொரு துண்டின் மேலும் சில சார்புகள் இருக்கின்றன. துண்டுகள் மேற்கவியும் இடங்களில் அவை ஒத்துப்போனால், எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சார்பாகக் கட்டிவிடலாம், அதுவும் ஒரே ஒரு விதமாக. இங்கே கட்டுவது உண்மையாகவே நடக்கிறது. ஆகவே இதைச் சார்புக்கட்டு என்போம், முன்னதைக் கற்றை என்போம். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டு வாசகர் புரிந்துகொள்வார் என்று போகிறவர்கள், முதலில் அவர்களே புரிந்துகொண்டார்களா என்று எனக்குச் சந்தேகம்.

இந்த இரண்டு சொற்களும் குழம்பினால் சேஷாத்ரியின் முதல் பெரிய வேலையே விளங்காது. 1932 பிப்ரவரி 29 அன்று காஞ்சிபுரத்தில் பிறந்தவர் அவர். சென்னை லொயோலா கல்லூரியில் பாதிரியார் சார்லஸ் ரசீனிடம் படித்துவிட்டு, 1953இல் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். 1957 முதல் 1960 வரை பாரிசில் இருந்தார். பிரெஞ்சுக் கணிதர் ழான்-பியர் செர் 1955இல் வெளியிட்ட சார்புக்கட்டுகள் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையில் ஒரு கேள்வியைத் திறந்தே விட்டிருந்தார். வடிவியல் மொழியில் சொன்னால், வளைவில்லாத சாதாரண வெளியின் மேல் முறுக்குள்ள இயற்கணிதக் கற்றை, அதாவது பல்லுறுப்புக் கோவைகளால் அமைந்த கற்றை, ஏதாவது உண்டா என்பது கேள்வி. இரு மாறிகளுக்கு, அதாவது தளத்துக்கு, இல்லை என்று 1958இல் சேஷாத்ரி நிறுவினார். எத்தனை மாறிகளானாலும் இல்லை என்பதை 1976இல் கணிதர்கள் டேனியல் குவில்லனும் ஆந்திரேய் சுஸ்லினும் தனித்தனியே காட்டினார்கள்.

முறுக்கு என்று நான் எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். உருளையைப் போல் முறுக்கே இல்லாத கற்றைக்கு ஆங்கிலத்தில் டிரிவியல் என்ற அடைமொழி. தமிழில் அது ‘அற்பமான மூட்டை’ ஆகியிருப்பதையும் பார்த்தாயிற்று. அப்படியானால் சேஷாத்ரி தளத்தின் மேலுள்ள மூட்டைகளெல்லாம் அற்பம் என்று நிறுவினார் என்றாகிறது! ஏதோ வசைபாடியது போல இருக்கிறது. முறுக்கற்ற கற்றை என்றால் மோபியஸ் பட்டையைப் பார்த்த எவருக்கும் விளங்கும்.

பம்பாய் திரும்பிய பின் எம். எஸ். நரசிம்மனோடு சேர்ந்து அவர் 1965இல் வெளியிட்டதுதான் இருவர் பெயராலும் வழங்கும் தேற்றம். நரசிம்மனும் ரசீனின் மாணவர். இதில் வரும் ஸ்டேபிள் என்ற சொல்லை நிலையான என்று பெயர்க்கிறார்கள். நிலையான என்றால் மாறாத, நிரந்தரமான என்றும் ஆகும். நிலையான வைப்பு என்று வங்கியிலும் இருக்கிறது. இங்கே பொருள் வேறு. கற்றை மொத்தத்தில் எவ்வளவு முறுக்கேறியிருக்கிறது என்பதை அளக்கும் முழு எண்ணுக்குப் படி என்று பெயர், இழையின் பரிமாணத்துக்குத் தரம் என்று பெயர். படியைத் தரத்தால் வகுத்தால் வருவது சாய்வு. உள்ளே அடங்கிய எந்தச் சிறு கற்றைக்கும் முழுக் கற்றையைவிடச் சாய்வு குறைவாக இருக்க வேண்டும் என்பதே கணிதர் டேவிட் மம்ஃபோர்டு வைத்த நிபந்தனை. இயற்பியல் பாடத்தில் உறுதிச் சமநிலை என்று ஏற்கெனவே படித்திருக்கிறோம். அந்த உறுதியையே எடுத்துக்கொண்டு உறுதிக் கற்றை என்று சொல்லலாம்.

தேற்றம் இப்படி வரும்: மூடிய ரீமான் பரப்பில் (கலப்பெண்களைக் கொண்டு கணக்கிடத் தக்க, ஓரமில்லாத பரப்பு அது) துளைகள் இரண்டோ அதற்கு மேலோ இருந்தால், அதன் மேலுள்ள படி 0 கொண்ட உறுதிக் கற்றைகள், அந்தப் பரப்பின் அடிப்படைக் குலத்தின் பகுக்க முடியாத யுனிட்டரி உருவகிப்புகளிலிருந்து பிறப்பவையே. பரப்பின் மேல் ஒரு புள்ளியில் தொடங்கி அங்கேயே முடியும் சுற்றுகளால் ஆனது அடிப்படைக் குலம். அந்தச் சுற்றுகளை அணிகளாக எழுதுவது உருவகிப்பு. திசையன்களின் நீளத்தை மாற்றாத அணிகளானால் அது யுனிட்டரி. யுனிட்டரிக்கு மட்டும் எனக்கு நல்ல சொல் அகப்படவில்லை. அலகு என்று தொடங்கினால் அலகுத் திசையனோடு குழம்பும். ஆகவே அதை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.