ரிப்போர்ட் நார்மல் என்றால் நடிப்பு என்று அர்த்தமில்லை

போன வாரமும் ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார்கள். பிளஸ் டூ படிக்கிறாள். திடீரென்று விழுகிறாள், கை கால் இழுக்கிறது, கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள், கால் மணி நேரம் ஆனாலும் நிற்பதில்லை. வலிப்பு மாத்திரை இரண்டு வகை ஓடிக்கொண்டிருக்கிறது. எம்ஆர்ஐ நார்மல், மூளையின் மின்னலைகளைப் பதியும் இஇஜியும் நார்மல். நல்ல செய்திதானே? அப்பா அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "அப்போ இத்தனை நாளா எங்களை ஏமாத்தியிருக்கா சார்" என்கிறார். அவள் மூக்குக்குக் கீழே தோல் பொசுங்கியிருந்தது. எங்கேயோ அவசரப் பிரிவில் அவளை 'எழுப்ப' அமோனியா பஞ்சை வைத்து அழுத்தியிருக்கிறார்கள்.

இதற்கு டிஸோசியேட்டிவ் வலிப்பு என்று பெயர். மனசின் பாரம் உடம்பில் வலிப்பாக வெளிப்படுவது. காக்கா வலிப்பில் வரும் மின்கோளாறு இதில் மூளையில் இருக்காது, ஆனால் வலிப்பு வருவது நிஜம். மனசில் இருப்பது உடம்பில் எப்படித் தெரியும் என்று கேட்பவர்களுக்கு நான் நீளமாக விளக்கப்போவதில்லை. பரீட்சை அன்று காலையில் வயிறு கலக்காதவர்கள் மட்டும் கேளுங்கள்.

நடிப்புக்கு வருவோம், ஏனென்றால் எனக்கு எரிச்சலே அங்கேதான். நடிப்பவருக்குத் தான் செய்வது தெரியும், அதில் ஒரு லாபக் கணக்கும் இருக்கும், பரிசோதனை என்றால் நழுவப் பார்ப்பார். இவர்கள் அப்படியில்லை. எத்தனை ஊசி, எத்தனை ஸ்கேன் என்றாலும் சரி என்று உட்காருகிறார்கள், விழுந்து பல்லை உடைத்துக்கொள்கிறார்கள், சிலர் உடையிலேயே சிறுநீர் கழித்துவிடுகிறார்கள். சிலர் நிற்காத வலிப்பு என்று ஐசியூ வரைக்கும் போய்த் தொண்டையில் குழாய் போட்டுக்கொண்டு திரும்புகிறார்கள். இதையெல்லாம் ஒரு பள்ளிக்கூடப் பெண் பரீட்சைக்குப் பயந்து திட்டம் போட்டுச் செய்கிறாள் என்றால், அவ்வளவு திறமை இருப்பவள் பரீட்சையையே எழுதிவிடுவாளே. 'யாராவது பார்க்கும்போது மட்டும்தான் வருது' என்பார்கள் அடுத்து. தனியாக இருக்கும்போதும் வரும், பார்க்க ஆள் இல்லாததால் உங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

எல்லா ரிப்போர்ட்டும் நார்மல், அதனால் இது மனசு என்று சொல்லும் டாக்டர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. வலிப்பு இல்லாத நேரத்தில் எடுத்த இஇஜி, காக்கா வலிப்புக்காரர்களுக்கும் நார்மலாக வரலாம். உறுதியாகச் சொல்ல வேண்டுமென்றால் வலிப்பு வரும்போதே வீடியோவோடு இஇஜி எடுக்க வேண்டும். சிலருக்கு இரண்டு வகையும் சேர்ந்தே இருக்கும், அது இன்னும் தலைவலி. கண் மூடியிருக்கிறதா, தலை பக்கவாட்டில் ஆடுகிறதா, இழுப்பு கூடிக் குறைந்து மறுபடி கூடுகிறதா என்று பார்த்து, பல குறிகளைச் சேர்த்துத்தான் முடிவு செய்கிறோம். ஒரு காலில் பலமே இல்லை என்று வருபவர்களிடம் ஹூவர் என்ற அமெரிக்க மருத்துவர் 1908-இல் எழுதி வைத்த சோதனையைச் செய்கிறோம். படுக்க வைத்து நல்ல காலைத் தூக்கச் சொன்னால், இந்த வகைப் பலவீனத்தில், பலமில்லாத காலின் குதிகால் தானாகக் கீழே அழுத்தும். இதைத் திருடனைப் பிடித்த மாதிரி சொந்தக்காரர்களிடம் காட்டாதீர்கள் என்று ஜூனியர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். நோயாளியிடம் காட்டுங்கள்: உங்கள் காலுக்கு நரம்பு வழி திறந்துதான் இருக்கிறது, திரும்ப நடக்கலாம் என்று.

இன்னொரு கூட்டம் உண்டு. வயிறு, நெஞ்சு, முதுகு என்று வருடக்கணக்கில் கோப்பைத் தூக்கிக்கொண்டு டாக்டர் டாக்டராக மாறுபவர்கள். இது சொமாட்டிக் சிம்ப்டம் கோளாறாக, அதாவது உடம்பின் அறிகுறியைப் பற்றிய கவலையே பெரிதாகிவிடும் கோளாறாக இருக்கலாம். இவர்களுக்கு நிஜமாகவே அல்சரோ இதய நோயோ கூட இருக்கலாம். 2013-இல் வந்த அமெரிக்க மனநல வகைப்பாடு, மருத்துவக் காரணம் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையையே எடுத்துவிட்டது. அந்த அறிகுறியைப் பற்றிய பயமும் நினைப்பும் ஆறு மாதத்துக்கு மேலாக வாழ்க்கையை விழுங்குகிறதா என்பதுதான் கேள்வி. ஒரே டாக்டரிடம், வலி இருக்கிறதோ இல்லையோ, மாதம் ஒரு முறை போங்கள்.

சரி, வலிப்பு வந்தால்? சாவிக்கொத்து வேண்டாம். வெங்காயம் வேண்டாம். கன்னத்தில் அறையாதீர்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். பக்கத்தில் இடிக்கிற பொருளை நகர்த்தி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, வேடிக்கை பார்க்கிற கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு, கடிகாரத்தைப் பாருங்கள். முதல் முறை என்றாலோ, ஐந்து நிமிடம் தாண்டினாலோ, காய்ச்சல், தலையில் அடி, சர்க்கரை நோய், கர்ப்பம் இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. இது எந்த வலிப்பு என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதாதீர்கள்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. அதே சமயம், தேவையில்லாத வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரை ஒரு இளம்பெண்ணுக்கு ஓடிக்கொண்டிருந்தால், பின்னால் கர்ப்பத்தில் குழந்தைக்கு ஊனம் வரும் ஆபத்து உண்டு, அதையும் டாக்டரிடம் கேளுங்கள். கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து காதில் வாங்காதீர்கள், அந்தப் பெண்ணையும் சேர்த்து இன்னொரு குடும்பத்தையும் தவிக்க விடுவீர்கள். கோயிலுக்குப் போங்கள், நான் தடுக்கவில்லை. அடித்துப் பேயோட்டும் இடத்துக்குப் போகாதீர்கள். 'யாரையாவது லவ் பண்றியா, சொல்லு' என்று குடும்பமே சுற்றி உட்கார்ந்து விசாரிக்காதீர்கள். எல்லோருக்கும் மறைத்து வைத்த சோகக் கதை இருக்காது.

பேச்சு சிகிச்சை உண்டு, ஆனால் ஊசி போட்ட மாதிரி வலிப்பு உடனே நிற்காது. பிரிட்டனில் 368 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு சிபிடி என்ற பேச்சு சிகிச்சையும் (நினைப்பையும் நடத்தையையும் மாற்றப் பழக்குவது) சேர்த்துப் பெற்றவர்களுக்கு ஒரு வருடம் கழித்தும் வலிப்பின் எண்ணிக்கை மற்றவர்களைவிடத் தெளிவாகக் குறையவில்லை. ஆனால் வலிப்பின் தொந்தரவு குறைந்தது, அன்றாட வேலைகள் மேம்பட்டன. அதனால் இரண்டு முறை வந்துவிட்டு 'இன்னும் வருதே சார்' என்று விட்டுவிடாதீர்கள்.

எங்கே போவது என்று தெரியாவிட்டால் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு அழையுங்கள், கட்டணம் இல்லை. வரும்போது வலிப்பு வந்த நேரத்தில் போனில் எடுத்த வீடியோவைக் கொண்டு வாருங்கள், முகமும் கண்ணும் தெரிகிற மாதிரி. அதைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டாம்.