சைட்டு வந்துருச்சு, மெயில் போயிருச்சு: டொமைன் பாயிண்ட் பண்றப்போ நடக்குற கூத்து

போன மே மாசம் ஏற்காட்டுல கோடை விழா நேரம், மேல ரூம் கிடைக்காம ஜனங்க அலையுற சீசன். எஸ்டேட்டுக்குள்ள நாலு ரூம் வச்சு ஹோம்ஸ்டே நடத்துற அண்ணன் ஒருத்தர் திங்கக்கிழமை காலைலயே ஃபோன் பண்ணாரு. "தம்பி, வெள்ளிக்கிழமை ராத்திரிலருந்து ஒரு மெயில் கூட வரல, நெட்டு நல்லாத்தான் இருக்கு, யூடியூப் எல்லாம் ஓடுது, என்னன்னு பாரேன்"னாரு. வேற ஏதாச்சும் மாத்துனீங்களாண்ணான்னு கேட்டா, ஒண்ணுமே மாத்தலயேப்பா, புது வெப்சைட்டு மட்டும் போட்டோம்னாரு. அந்த "மட்டும்"லதான் எல்லாமே இருக்கு.

நான் சேலத்துல ஐந்து ரோடு பக்கம் ஒரு மாடில உக்காந்து சர்வர் வேலை பாக்குறவன். எனக்கு வர்ற கால்ல பாதி இந்த மாதிரிதான், சைட்டு புதுசா போட்டோம், அதுலருந்து வேற ஏதோ ஒண்ணு வேலை செய்யலன்னு. தப்பு எப்பவும் அதே எடத்துலதான் நடக்குது, அதான் இந்த தடவ உக்காந்து எழுதிட்டேன். வெப்சைட்டு பண்ணிக் குடுக்குற தம்பிங்களும் படிக்கணும், பண்ணச் சொல்ற முதலாளிங்களும் படிக்கணும்.

அண்ணனோட கதைல நடந்தது இதுதான். டொமைன், அதாவது சைட்டோட பேரு, ஒரு கம்பெனில வாங்குனது, மெயில் வேற கம்பெனில ஓடுது, பழைய சைட்டு மூணாவது ஒரு எடத்துல. சொந்தக்காரப் பையன் ஒருத்தன் புது சைட்டு பண்ணிட்டு புதுசா ஹோஸ்டிங், அதாவது சைட்ட வைக்கிற சர்வர் எடம், வாங்கியிருக்கான், ஹோஸ்டிங்காரன் அனுப்புன வெல்கம் மெயில்ல "இந்த ரெண்டு நேம்சர்வர டொமைன்ல போடுங்க"ன்னு இருந்திருக்கு, பையனும் அப்படியே போட்டுட்டான். ராத்திரிக்குள்ள சைட்டு வந்துருச்சு, எல்லாரும் வாட்ஸப்ல கைதட்டுனாங்க, மேட்டர் முடிஞ்சுதுன்னு நெனச்சாங்க.

நேம்சர்வர்ங்கிறது ஒரு ரெக்கார்டு இல்லங்க, மொத்த ரெஜிஸ்டரும் அதுதான். உங்க டொமைன் பேருல யாரு என்ன கேட்டாலும் பதில் சொல்ற ஆள் அவரு. சைட்டு எந்த ஐபில, அதாவது எந்த சர்வர் விலாசத்துல, இருக்குன்னு ஏ ரெக்கார்டு சொல்லும், மெயில் எங்க போகணும்னு எம்எக்ஸ் சொல்லும், நம்ம பேருல யாரெல்லாம் மெயில் அனுப்பலாம்னு டிஎக்ஸ்டி ரெக்கார்டுல எஸ்பிஎஃப்னு ஒரு வரி இருக்கும். நேம்சர்வர மாத்துனா இது எல்லாமே பழைய ஆள்கிட்ட தங்கிரும், புது ஆளுக்கு ஒண்ணுமே தெரியாது. அவருக்கு அவரோட சர்வர் மட்டும்தான் தெரியும், அதனால மெயிலும் என்கிட்டயே குடுன்னு அவராவே ஒரு எம்எக்ஸ் போட்டு வச்சிருப்பாரு.

இதுல மோசம் என்னன்னா, மெயில் திரும்பிப் போயிருந்தா கூட பரவால்ல, அனுப்புனவனுக்கு எரர் வந்து அவன் ஃபோனாச்சும் பண்ணியிருப்பான். இங்க புது சர்வர்ல கேட்ச்-ஆல் ஆன்ல இருந்திருக்கு. எந்த அட்ரஸுக்கு வந்தாலும் சரின்னு வாங்கி, யாரும் திறக்காத ஒரு பெட்டிக்குள்ள போட்டுக்கிட்டே இருந்திருக்கு. நான் லாகின் பண்ணி உள்ள போனா முப்பது சொச்சம் மெயிலு, பெங்களூரு ஃபேமிலி ஒண்ணு மூணு தடவ கேட்டுட்டு கடைசியா "பதிலே இல்லயே, நாங்க வேற எடம் பாத்துக்கறோம்"னு எழுதியிருந்தாங்க. அண்ணன் அத படிச்சுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல.

சரி பண்ண ஒண்ணரை மணி நேரம் ஆச்சு. பழைய நேம்சர்வர்கிட்டயே என்எஸ்லுக்கப்ங்கிற கமாண்ட் போட்டு நேரா கேட்டேன், அதிர்ஷ்டம், அது பழைய பதிலயெல்லாம் இன்னும் அழிக்காம வச்சிருந்துச்சு, அதுலருந்து எம்எக்ஸும் எஸ்பிஎஃப்பும் எடுத்தாச்சு. டிகேஐஎம்ங்கிற கையெழுத்து ரெக்கார்டு மட்டும் அப்படி ஊகிச்சு கேட்டா வராது, அதுக்கு செலக்டர்னு ஒரு பேரு தெரியணும், மெயில் கம்பெனியோட அட்மின் பேனலுக்குள்ள போய்தான் காப்பி பண்ணேன். எல்லாம் போட்ட பிறகும் சைட்டுல இருக்குற என்கொயரி ஃபார்ம்லருந்து மெயில் வரல! அது இன்னொரு கூத்து, ஹோஸ்டிங்கோட கன்ட்ரோல் பேனலான சி-பேனல்ல இமெயில் ரவுட்டிங்னு ஒரு செட்டிங் இருக்கு, அது லோக்கல்னு இருந்தா அந்த சர்வர்லருந்து கிளம்புற மெயில் வெளிய எம்எக்ஸ பாக்கவே போகாது, நம்ம வீட்டு மெயில்தானேன்னு உள்ளயே போட்டுக்கும். ரிமோட்னு மாத்துன பிறகுதான் வந்துச்சு. இது தெரியாம ரெண்டு நாள் மண்டைய உடச்சுக்கிட்ட ஆளுங்கள எனக்குத் தெரியும், அதுல நானும் ஒருத்தன்.

இத்தனைக்கும் அந்தப் பையன் பண்ண வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி. நேம்சர்வர தொடவே வேண்டாம், இந்த ரெக்கார்டெல்லாம் இருக்குற டிஎன்எஸ் பேனலுக்குள்ள போய் ஏ ரெக்கார்டுல பழைய ஐபிய எடுத்துட்டு புது ஐபி, உதாரணத்துக்கு 203.0.113.25ன்னு வைங்க, அத போட்டு சேவ் பண்ணா சைட்டு மட்டும் மாறும், மெயில் இருந்த எடத்துலயே இருக்கும். டப்ள்யூ மூணு போட்டு வர்றவங்களுக்கு சி-நேம்னு இன்னொரு பேர காட்டுற ரெக்கார்டு ஒண்ணு, அது மெயின் டொமைன காட்டுற மாதிரி. மெயின் டொமைனுக்கே சி-நேம் போடலாமான்னு நிறைய பேரு கேப்பாங்க, கூடாது. சி-நேம் இருக்குற பேருல வேற ரெக்கார்டு எதுவும் இருக்கக் கூடாதுங்கிறது விதி, ஆனா மெயின் டொமைன்ல நேம்சர்வர் யாருன்னு சொல்ற என்எஸ்ஸும், டொமைனோட அடிப்படை விவரம் இருக்குற எஸ்ஓஏவும் கண்டிப்பா இருந்தே ஆகணும், அப்போ ரெண்டும் ஒத்து வராது. சில கம்பெனில ஏலியாஸ், ஃப்ளாட்டனிங்னு மாத்து வழி வச்சிருக்காங்க, அது அவங்க பேனல பொறுத்தது.

நேம்சர்வர மாத்தியே தீரணும்னா மாத்துங்க, தப்பில்ல. ஆனா மாத்துறதுக்கு முன்னாடி பழைய பேனல்ல இருக்குற ஒவ்வொரு வரியையும் புது பேனல்ல அடிச்சு வச்சுட்டு அப்புறம் மாத்துங்க. ஸ்க்ரீன்ஷாட் எடுத்தா போதாது, டிகேஐஎம் மாதிரி நீளமான வரி பாதில வெட்டிட்டுத்தான் தெரியும், எக்ஸ்போர்ட் பட்டன் இருந்தா அத அமுக்குங்க, இல்லன்னா ஒவ்வொண்ணா காப்பி பண்ணி ஒரு ஃபைல்ல ஒட்டுங்க.

அடுத்து இந்த "24 மணி நேரத்துலருந்து 48 மணி நேரம் ஆகும் சார், ப்ராபகேஷன்" கதை. இத சொல்லாத டெவலப்பரே கிடையாது, நானும் சொல்லியிருக்கேன். உண்மைல எதுவும் எங்கயும் பரவுறதில்லங்க. உங்க கடைய ஐந்து ரோட்டுலருந்து அஸ்தம்பட்டிக்கு மாத்திட்டீங்கன்னு வைங்க, ஸ்டாண்டுல இருக்குற ஆட்டோக்காரர் ஒவ்வொருத்தரும் உங்க கடை எங்கன்னு எப்பவோ ஒரு தடவ விசாரிச்சு மனசுல வச்சிருப்பாங்க, அடுத்த தடவ விசாரிக்கிற வரைக்கும் பழைய எடத்துலதான் கொண்டு போய் எறக்கி விடுவாங்க. எத்தன நேரத்துக்கு ஒரு தடவ விசாரிக்கணும்னு நீங்களே சொல்லி அனுப்புறதுதான் டிடிஎல், அது செகண்டு கணக்கு. 3600னா ஒரு மணி நேரம், 86400னா ஒரு நாள். அந்த ஆட்டோக்காரங்க மாதிரிதான் பிஎஸ்என்எல், ஜியோ, கூகுளோட டிஎன்எஸ் சர்வர் 8.8.8.8னு ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு நேரத்துல கேட்டிருப்பாங்க, அதான் உங்களுக்கு புது சைட்டு வந்து மச்சானுக்கு பழைய சைட்டே தெரியுது.

அதனால மாத்துறதுக்கு ஒரு நாள் முன்னாடியே டிடிஎல்ல 300க்கு எறக்கி வச்சுருங்க. மாத்துற அன்னைக்கு எறக்குனா பிரயோஜனம் இல்ல, ஏன்னா 86400னு ஏற்கனவே கேட்டுட்டுப் போனவன் அந்த ஒரு நாள் முடியுற வரைக்கும் திரும்பி வர மாட்டான். முன்கூட்டியே எறக்கி வச்சா அஞ்சு, பத்து நிமிஷத்துல கிட்டத்தட்ட எல்லாருக்கும் புது சைட்டு வந்துரும், வேலை முடிஞ்சதும் மறுபடி ஏத்திக்கலாம். அந்த 48 மணி நேரக் கணக்கும் சும்மா வந்ததில்ல, டாட் காம் டொமைனுக்கு நேம்சர்வர் யாருன்னு சொல்ற மேல்மட்ட சர்வருங்க அந்தத் தகவலுக்கு 1,72,800 செகண்டுன்னு டிடிஎல் போட்டுத்தான் குடுக்குது, அது சரியா ரெண்டு நாள், அத உங்களால எறக்க முடியாது. ஆக நேம்சர்வர மாத்துனா ரெண்டு நாள் இழுபறி நியாயம், ஏ ரெக்கார்டு மட்டும் மாத்திட்டு ரெண்டு நாள்னு ஒருத்தர் சொன்னா டிடிஎல் எவ்ளோ வச்சிருந்தீங்கன்னு திருப்பிக் கேளுங்க.

எந்தப் பேருக்கு எந்த விலாசம்னு சொல்ல எல்லாருக்கும் ஒரே ஃபைல் இருந்த காலமும் உண்டு. ஹோஸ்ட்ஸ் டாட் டிஎக்ஸ்டின்னு அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்துல ஒரு லிஸ்ட்ட வச்சுக்கிட்டு எல்லா கம்ப்யூட்டர்காரங்களும் அத காப்பி எடுத்துக்கிட்டாங்க, கூட்டம் கூடக்கூட அது தாங்கல, 1983ல பால் மொக்கபெட்ரிஸ் இந்த டிஎன்எஸ்ஸ வடிவமைச்சாரு. அந்த ஃபைலோட வாரிசு இன்னும் உங்க கம்ப்யூட்டர்ல இருக்கு, விண்டோஸ்ல சிஸ்டம்32க்குள்ள டிரைவர்ஸ், அதுக்குள்ள இடிசின்னு ஒரு ஃபோல்டர்ல ஹோஸ்ட்ஸ்னு. அதுல புது ஐபியும் டொமைன் பேரும் ஒரு வரி போட்டா ஊருக்கே பழைய சைட்டு தெரியுறப்போ உங்களுக்கு மட்டும் புது சர்வர்ல இருக்குற சைட்டு வரும், எல்லா பக்கத்தையும் நிதானமா செக் பண்ணிட்டு அப்புறம் மாத்தலாம். பாத்து முடிச்சதும் அந்த வரிய எடுத்துருங்க. நான் எடுக்க மறந்துட்டு "எனக்கு நல்லாத்தானே வருது"ன்னு ஒரு கஸ்டமர்கிட்ட அரை நாள் சண்டை போட்டிருக்கேன்.

செவ்வாய்ப்பேட்டைல வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம் பண்றவர் ஒருத்தர் கேஸு இன்னும் விசித்திரம். கடை வைஃபைல பாத்தா புது சைட்டு, அதே ஃபோன்ல வைஃபைய ஆஃப் பண்ணிட்டு மொபைல் டேட்டால பாத்தா பழைய சைட்டு, நாலு நாளா இப்படியே. டிடிஎல் கணக்கெல்லாம் எப்பவோ தாண்டிருச்சு. பாத்தா டிஎன்எஸ் பேனல்ல ஏ ரெக்கார்டு புதுசு, அதுக்கு கீழ நாலு ஏ போட்ட இன்னொரு ரெக்கார்டு பழைய சர்வரயே காட்டிட்டு நிக்குது. அது ஐபிவி6ங்கிற புது வகை ஐபி விலாசம், ஏ ரெக்கார்டுல இருக்குறது பழைய வகை ஐபிவி4. கடை ஐபிவி4ல ஓடுது, மொபைல் நெட்டு ஐபிவி6 இருந்தா அத தான் முதல்ல எடுக்கும், அதனால வழி ரெண்டா பிரிஞ்சிருச்சு. சைட்டுக்கு எச்டிடிபிஎஸ் குடுக்குற லெட்ஸ் என்க்ரிப்ட் எஸ்எஸ்எல் சர்டிஃபிகேட்டும் அங்க எடுக்க முடியாம நின்னுச்சு, அதுவும் ஐபிவி6 வழியா செக் பண்ணப் போய் பழைய சர்வர் கதவ தட்டிட்டு வந்திருக்கு. புது சர்வர்ல ஐபிவி6 இருந்தா அத போடுங்க, இல்லன்னா அந்த வரிய அழிங்க. அவ்ளோதான் மருந்து, ஆனா அதுக்குள்ள கஸ்டமருங்க நாலு நாளா பழைய வெள்ளி ரேட்ட பாத்துட்டு ஆர்டர் போட்டிருந்தாங்க.

அழிக்கிறதுன்னதும் ஞாபகம் வருது, எப்பவோ ட்ரை பண்ணி விட்ட ஷாப், டெஸ்ட், பிளாக்னு சப்டொமைனுங்க பேனல்ல கிடக்கும். அது காட்டுற சர்வர நீங்க கேன்சல் பண்ணிட்டு ரெக்கார்ட மட்டும் விட்டுட்டா, அந்த எடத்த வேற எவனாவது புடிச்சு உங்க பேருலயே ஒரு போலிப் பக்கம் போட முடியும். வருஷத்துக்கு ஒரு தடவ பேனல கூட்டிப் பெருக்குங்க. அதே மாதிரி சைட்டு மாறுன அன்னைக்கே பழைய ஹோஸ்டிங்க கேன்சல் பண்ணாதீங்க, ஒரு வாரமாச்சும் ஓடட்டும்.

இது எல்லாத்துக்கும் முன்னாடி ஒண்ணு, டொமைன் லாகின் யாரு கைல இருக்கு? பாதிப் பேரு "பையன் பாத்துக்கறான்"ம்பாங்க, அந்தப் பையன் வேலை கிடைச்சு சென்னை போயிருப்பான், ஃபோன் நம்பர் மாத்தியிருப்பான், ஓடிபி அவனுக்குப் போவும். இன்னொரு வகை இருக்கு, லாகின் அவங்ககிட்டயே இருக்கும், ஆனா ரெஜிஸ்டர் பண்ண இமெயில் அதே டொமைன்ல இருக்கும். ரினீவல் மறந்து டொமைன் நின்னா அந்த மெயிலும் நிக்கும், பாஸ்வேர்டு ரீசெட் லிங்க் வர்றதுக்கும் வழி இருக்காது, வீட்டுச் சாவிய வீட்டுக்குள்ளயே வச்சு பூட்டுன கதை. டாட் காம்ல காலாவதி ஆகறதுக்கு ஏறக்குறைய ஒரு மாசம் முன்னாடியும் ஒரு வாரம் முன்னாடியும் ஞாபகப்படுத்தணும்னு விதி இருக்கு, அந்த மெயிலுங்க நீங்க தினம் பாக்குற ஒரு தனி ஜிமெயிலுக்கு வரட்டும். காலாவதி ஆகி ரிடெம்ப்ஷன்ங்கிற மீட்பு கட்டத்துல விழுந்துட்டா 30 நாள் டைம் இருக்கும், ஆனா மீட்க கேக்குற காசு சாதா ரினீவல விட பல மடங்கு.

ஏற்காட்டு அண்ணன் இப்போ இதுல என்னைவிட உஷார். ரூம் கணக்கு எழுதுற நோட்டுலயே கடைசிப் பக்கத்துல எம்எக்ஸ், எஸ்பிஎஃப் எல்லாம் கையால எழுதி வச்சிருக்காரு, பக்கத்துல எஸ்டேட் ஆளுங்க கூலிக் கணக்கு. போன வாரம் சர்வர் மாத்தணும்னு அவரே ஃபோன் பண்ணாரு.

"தம்பி, டிடிஎல் 300க்கு எறக்கிட்டேன். நாளைக்கு சாயந்திரம் மாத்திரலாமா?"

"நாளைக்கு வெள்ளிக்கிழமைங்கண்ணா."

"அய்யய்யோ, ஆமா. செவ்வாக்கிழமை பாத்துக்கலாம், ரூமும் காலியாத்தான் இருக்கும்."