சிறிய டிராக்டரும் பெரிய தூரும்

மதுரை மாவட்டத்தில் சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் காய்ப்பு ஓய்ந்த மரங்களை வெட்டி விற்றுவிட்டுப் புதுக் கன்று வைக்க நினைக்கும் விவசாயிக்கு, மரம் போன பிறகுதான் பெரிய வேலை காத்திருக்கிறது. தரைக்கு மேலே நிற்கும் அடிக்கட்டையும் மண்ணுக்குள் இருக்கும் தூரும் அப்படியே கிடந்தால் உழவு ஓட்ட முடியாது. தென்னை என்றால் மக்கும் தூரில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, பக்கத்தில் நிற்கும் நல்ல மரங்களின் குருத்தையும் துளைத்துவிடும். ஜேசிபியை வாடகைக்கு அழைப்பது எளிய வழிதான். ஆனால் 7 டன்னுக்கு மேல் எடையுள்ள அந்த இயந்திரம் வாய்க்காலையும் வரப்பையும் தாண்டி மர வரிசைகளுக்கு இடையே நுழைய எல்லாத் தோப்பிலும் வழி இருப்பதில்லை. வீட்டில் நிற்கும் 20, 25 குதிரைத்திறன் மினி டிராக்டரைக் கொண்டே தூரைப் பிடுங்க முடியுமா என்று கேட்டால், முடியும். ஆனால் சங்கிலியைக் கட்டி நேராக இழுத்து அல்ல.

ஏன் நேராக இழுத்து முடியாது என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 24 குதிரைத்திறன் என்பது நொடிக்கு 1,800 கிலோவை ஒரு மீட்டர் உயர்த்தும் திறன். மிகக் குறைந்த கியரில் மணிக்கு 1 கி.மீ. வேகத்தில் நகரும்போது, பல்சக்கரங்களில் வீணாவது போகவும் 4 டன்னுக்குக் குறையாத இழுவிசையை அந்த எஞ்சினால் தர முடியும். ஆனால் அந்த விசை சங்கிலிக்குப் போக வேண்டுமானால் டயர் தரையைப் பிடிக்க வேண்டும். டயர் தரையைப் பிடிக்கும் அளவு, சக்கரத்தின் மேல் அமரும் எடையைச் சார்ந்தது. ஏறத்தாழ 1 டன் எடையுள்ள, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்குக் காய்ந்த கெட்டித் தரையில் அந்த எடையில் பாதி, அதாவது 500 கிலோ எடைக்குச் சமமான இழுவிசைதான் கிடைக்கும். உழுது புழுதியாகக் கிடக்கும் நிலத்தில் அதைவிடக் குறைவு, சேற்றில் இன்னும் குறைவு. அதற்கு மேல் ஆக்சிலரேட்டரை மிதித்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி பறிக்கும். ஆகவே தூர் பிடுங்குவதில் குதிரைத்திறனைப் பற்றிப் பெருமை பேசுவதில் பொருளில்லை. எடையும் பிடிப்புமே எல்லை வகுக்கின்றன.

எதிர்ப்பக்கத்தில் நிற்பது வேர். மணிக்கட்டுப் பருமனுள்ள, 5 செ.மீ. விட்டமுள்ள ஒரு பக்கவேரின் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ 20 சதுர செ.மீ. பச்சை வேரின் இழுவலிமையைச் சதுர செ.மீட்டருக்கு 200 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு வேரை அறுக்கவே 4 டன் விசை தேவைப்படும். மாமரத்துக்கோ வேம்புக்கோ அப்படிப்பட்ட வேர்கள் பல இருக்கும். ஆனால் 500 கிலோவில் திணறும் டிராக்டரால் அசைக்க முடியாத அதே வேரை ஒரு கோடாரி சில வெட்டுகளில் துண்டித்துவிடும், ஏனென்றால் கூரான விளிம்பு நார்களைக் குறுக்கே ஒன்றன்பின் ஒன்றாக அறுக்கிறதே தவிர, எல்லா நார்களையும் ஒரே நேரத்தில் இழுத்துப் பார்ப்பதில்லை. எனவே தூரைச் சுற்றி இரண்டு மூன்றடி தள்ளி வட்டமாக மண்ணைத் தோண்டிப் பக்கவேர்களை வெட்டுவதே இந்த வேலையின் பெரும்பகுதி.

எந்த வேரை முதலில் வெட்டுவது என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. காற்றில் மரம் எப்படிச் சாய்கிறது என்று ஆராய்ந்தவர்கள், காற்று வரும் பக்கத்தில் இழுபடும் வேர்களே மரத்தை அதிகமாகத் தாங்கிப் பிடிக்கின்றன என்று கண்டிருக்கிறார்கள். டிராக்டர் இழுக்கும்போது அந்த வேலையைச் செய்பவை, டிராக்டர் நிற்கும் திசைக்கு எதிர்த்திசையில் ஓடும் வேர்கள். அவற்றை முதலில் வெட்டிவிட்டு, டிராக்டர் பக்கத்து வேர்களை விட்டுவைத்தால் அவை கீல்போல நின்று தூரை ஒரு பக்கமாகப் புரள விடும்.

இனி நெம்பும் வழிகள். இவற்றில் மிகச் சிறந்தது மரத்தை அடியோடு அறுக்காமல் விடுவதுதான். தரையோடு ஒட்டி அறுத்த கட்டையில் பிடித்து 500 கிலோ விசையால் இழுத்தால் புரட்டும் வலு மிகச் சொற்பம். அதே மரத்தில் 3 மீட்டர் தண்டை விட்டுவைத்து உச்சியில் கட்டி இழுத்தால், அந்த 500 கிலோ தூரைப் புரட்டுவதில் 1 மீட்டர் உயரத்தில் 1,500 கிலோ செய்யும் வேலையைச் செய்கிறது. மரத்தை விற்கும்போதே வெட்டுகிறவரிடம் ஆள் உயரத்துக்கு மேல் விட்டு அறுக்கச் சொல்வது ஒரு வார்த்தைச் செலவுதான். விறகு எடை குறைகிறதே என்று பார்க்கிறவர்கள் தோண்டும் கூலியில் அதைக் கொடுத்துவிடுகிறார்கள். தண்டு சாயும் திசையில் வண்டி நிற்பதால், அதன் உயரத்தைப்போல இரண்டு மடங்குக்குக் குறையாத நீளத்தில் வடம் இருக்க வேண்டும்.

தண்டு இல்லாத குட்டைக் கட்டைக்கு வேறு உத்தி உண்டு. ஒன்றரை மீட்டர் நீளமுள்ள உறுதியான மரக்கம்பத்தைத் தூருக்கு அரை மீட்டர் தள்ளி, டிராக்டர் பக்கமாக ஊன்றி, தலையைத் தூரின் பக்கம் சாய்த்து நிறுத்த வேண்டும். தூரின் வேர்க்கழுத்தில், அதாவது தண்டும் வேரும் சேரும் இடத்தில், இறுகக் கட்டிய சங்கிலியை அந்தக் கம்பத்தின் உச்சியில் வெட்டிய பள்ளத்தில் நழுவாமல் பிணைத்து, அங்கிருந்து டிராக்டருக்குக் கொண்டுபோக வேண்டும். கமலையில் மாடுகள் தரையில் நடக்க, கிணற்றுக்குள் சால் மேலே ஏறுவதுபோல, டிராக்டரின் கிடையான இழுப்பு இங்கே தூரை மேல்நோக்கித் தூக்கும் விசையாகத் திரும்புகிறது. உயரம் ஒன்றரை மீட்டர், அடியிலிருந்து தூக்கும் சங்கிலிக்கான தூரம் அரை மீட்டர் என்றால் விசை தொடக்கத்தில் ஏறத்தாழ மூன்று மடங்காகும்; அதற்கு ஈடாகத் தூர் எழும்பும் தூரம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். சங்கிலி குட்டையாக இருந்தால் அது கொக்கியைச் சரிவாக மேல்நோக்கி இழுத்துப் பின்சக்கரத்தின் எடையைக் குறைத்துவிடும் என்பதால், இடம் உள்ள மட்டும் நீளமாக விடுவது நல்லது.

கப்பி வைத்தும் இழுக்கலாம். வடத்தின் ஒரு முனையை உறுதியான வேறொரு மரத்தில் கட்டி, தூரில் மாட்டிய கப்பியைச் சுற்றி மறுமுனையை டிராக்டருக்குக் கொண்டுவந்தால், உராய்வு போக விசை ஏறத்தாழ இரட்டிப்பாகும். கப்பிக்கு இருபுறமும் உள்ள வடத்தின் இரண்டு பகுதிகளும் ஒரே திசையில் இணையாக ஓட வேண்டும் என்பதுதான் இதில் பலர் தவறவிடும் நுணுக்கம். அவற்றுக்கு இடையே 120 பாகை விரிந்துவிட்டால் கப்பியால் எந்த ஆதாயமும் இல்லை.

இவ்வளவு செய்யாமல் சங்கிலியைத் தளர்வாக விட்டு, வண்டியை வேகமாக ஓட்டி வெட்டி இழுப்பதும் பரவலாக நடக்கிறது. அதில் அறிவியல் இல்லாமல் இல்லை. 1 டன் வண்டி மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் வந்து 5 செ.மீ. தூரத்துக்குள் நின்றால், சராசரியாகவே 2 டன் விசை பிறக்கிறது. டயரின் பிடிப்பைத் தாண்டி விசை கிடைப்பதால்தான் இது சில நேரம் பலிக்கிறது. ஆனால் அந்த 2 டன் தூருக்கு மட்டும் போவதில்லை. சங்கிலிக் கண்ணி, கொக்கி, கிளட்ச், அச்சு எல்லாவற்றின் மேலும் விழுகிறது. நைலான் கயிறு என்றால் நீளும்போது ஆற்றலைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அறுந்த நொடியில் ஓட்டுநரை நோக்கிச் சாட்டையாகப் பாயும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, வண்டி பின்பக்கமாகக் கவிழ்வது. முன் அச்சில் 400 கிலோவும் இரு அச்சுகளுக்கு இடையே 1.5 மீட்டரும் உள்ள வண்டியில், வண்டியின் பின்னால் 40 செ.மீ. உயரத்தில் உள்ள இழுவைக் கம்பியான டிராபாரில் சங்கிலியை மாட்டி 500 கிலோ விசையில் இழுத்தால், முன்சக்கரத்திலிருந்து ஏறத்தாழ 130 கிலோ பின்னுக்கு மாறுகிறது. அது பின் டயரின் பிடிப்புக்கு நல்லதுதான். அதே சங்கிலியை, கலப்பையின் மேல்பகுதியைப் பிடிக்கும் டாப் லிங்க் மாட்டும் இடத்தில், 1 மீட்டர் உயரத்தில் கட்டினால் 330 கிலோ மாறிவிடும். அந்த நிலையில் ஒரு வெட்டு இழுப்பு போதும், முன்பக்கம் தூக்கிவிடும். தாழ்ந்த கொக்கி வண்டி நிமிர நிமிர இன்னும் தாழ்ந்து கவிழ்க்கும் வலுவைக் குறைக்கிறது, உயர்ந்த கட்டு அப்படிக் குறைப்பதில்லை. கவிழ்வது தொடங்கி முடிய ஏறத்தாழ ஒன்றரை நொடிதான் ஆகும். கிளட்சை மிதிக்கலாம் என்று நினைக்கும் முன் எல்லாம் முடிந்திருக்கும். சங்கிலியை டிராபாரில் அல்லாமல் வேறெங்கும் கட்டக்கூடாது என்ற விதிக்கு விலக்கே கிடையாது.

மண்ணின் பதம் இந்தக் கணக்குகளை எல்லாம் மாற்றக்கூடியது. பேரையூர், தே.கல்லுப்பட்டிப் பக்கத்துக் கரிசல், கோடையில் வெடித்துப் பாறையாக இறுகிவிடும்; ஐப்பசி மழையில் ஊறினால் வேரை விட்டுவிடும், ஆனால் டயரையும் வழுக்கிவிடும். மேலூர்ப் பக்கத்துச் செம்மண் மழை நின்ற சில நாட்களில் தோதான பதத்துக்கு வருகிறது. தேவைப்படுவது தூரைச் சுற்றி ஈரமும் சக்கரத்துக்கடியில் காய்ந்த தரையும் என்பதால், மழைக்குக் காத்திராமல் தோண்டிய வட்டக் குழியில் மட்டும் தண்ணீர் நிறுத்தி ஓரிரு நாள் ஊறவிடுவது எல்லா மண்ணுக்கும் பொருந்தும்.

மரத்துக்கு மரம் வேலையும் வேறுபடும். தென்னைக்கு ஆணிவேர் இல்லை. ஆயிரக்கணக்கான விரல் பருமன் வேர்கள் தனித்தனியே எளிதில் அறுபடும் என்பதால் மினி டிராக்டருக்கு ஏற்ற மரம் அதுதான். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017இல் அகற்றச் சொல்லி உத்தரவிட்ட சீமைக்கருவேலத்துக்கோ ஆணிவேர் ஆழமாக இறங்கும். ஆனால் அதை முழுவதும் பிடுங்க வேண்டியதில்லை. மீண்டும் துளிர்க்கும் மொட்டுகள் தண்டின் அடியிலும் வேர்க்கழுத்திலும்தான் இருக்கின்றன. எனவே தரைக்குக் கீழே 30 செ.மீ. ஆழத்தில் வேரைத் துண்டித்து மேற்பகுதியை எடுத்துவிட்டால் போதும். ஒரு மீட்டருக்கு மேல் அடிப்பருமனுள்ள பழம்புளியை மட்டும் ஜேசிபிக்கு விட்டுவிடுவதே அறிவு. அந்த இயந்திரம் டயர் பிடிப்பை நம்பி இழுப்பதில்லை. தன் கால்களை ஊன்றிக்கொண்டு ஹைட்ராலிக் கையால் பல டன் விசையில் கிளறி எடுக்கிறது.

தூர் வெளியே வந்ததும் குழியை ஒரே மூச்சில் மண்ணால் மூடுவது சரியல்ல. அடியில் மிஞ்சிய வேர்த்துண்டுகளைப் பொறுக்கிவிட்டு, அடுக்கடுக்காக மண்ணைத் தள்ளி ஒவ்வோர் அடுக்குக்கும் தண்ணீர் விட்டுப் படிய வைக்காவிட்டால், அடுத்த உழவில் அதே டிராக்டரின் சக்கரம் அந்த இடத்தில் அச்சுவரை இறங்கும்.